பழைய லாரிக்குச் சிக்கனமாக வீட்டிலேயே வர்ணம் பூசும் முறை

விவசாயத்தில் விளைவிப்பது எவ்வளவு முக்கியமோ, விளைந்ததைச் சேதமின்றி உரிய இடத்திற்குக் கொண்டுசேர்ப்பதும் அவ்வளவு முக்கியமாகும். எருவையும் உரத்தையும் வயலுக்கு எடுத்துச் செல்லவும், நெல், கரும்பு, வாழை, காய்கறி முதலியவற்றைக் களத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சந்தைக்கு அனுப்பவும், நிலச்சுவான்தார்கள் பலர் சொந்தமாகச் சிறு லாரி வைத்திருக்கின்றனர். அவற்றிற் பெரும்பாலானவை மற்றொருவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டிகளே. இயந்திரத்தில் கோளாறு ஏற்பட்டால் வண்டி நின்றுவிடுகிறது; ஆதலால் அதை உடனே பழுதுபார்க்கிறோம். தகட்டைத் துரு அரிப்பதோ சத்தமின்றி நடைபெறுவது. ஒருநாள் சுமையேற்றும்போது பெட்டியின் தரை பொத்துக்கொண்டு மூட்டை கீழிறங்கும் வரையில் அது கண்ணுக்குப் படுவதில்லை.

லாரிக்கு வர்ணம் பூசுவது வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர் உளர். இது சரியன்று. வீட்டுக்குக் கூரை எப்படியோ, இரும்புத் தகட்டுக்கு வர்ணம் அப்படி. பட்டறையில் கொடுத்துப் பூசுவதற்கு ஆகும் கூலியைக் கொடுக்க இயலாமற் பலர் ஆண்டுக்காண்டு தள்ளிப்போடுகின்றனர். பொறுமையும் பத்துப் பன்னிரண்டு நாள் அவகாசமும் உள்ள எவரும் இவ்வேலையைத் தம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்குரிய முறையை இங்கு விவரிப்போம்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, ஈரம் ஆகிய மூன்றும் சேருமிடத்தில் துரு உண்டாகிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு பருமன் உடையது. ஆகையால் வர்ணத்தில் ஊசிமுனை அளவு விரிசல் இருப்பினும், அதன் வழியே புகுந்த ஈரத்தினால் தோன்றும் துரு பருத்துப் பக்கத்திலுள்ள வர்ணத்தையும் தூக்கிவிடுகிறது. தூக்கிய இடத்தில் மேலும் ஈரம் தங்குகிறது. இவ்வாறு அது புற்றுப்போற் பரவுகிறது.

விவசாயியின் லாரிக்கு இதற்கு மேலும் ஒரு சத்துரு உண்டு. யூரியா, அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் முதலிய உரங்கள் மூட்டையிலிருந்து சிந்திப் பெட்டியின் மூலைகளிலும் பலகை இடுக்குகளிலும் தங்குகின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து உப்புநீராகின்றன. உப்பு கலந்த நீர் வெறும் நீரைவிட விரைவில் இரும்பைத் தின்றுவிடும். சாணமும் மாட்டு மூத்திரமும் இத்தன்மையனவே. எனவேதான் உரம் ஏற்றும் லாரிகளில் ஓட்டுநர் அறை நன்றாயிருக்கும்போதே பெட்டியின் தரை இற்றுப்போவதைக் காண்கிறோம்.

முதலில் செய்யவேண்டிய சோதனை

வர்ணம் வாங்குவதற்குமுன் வண்டியை நன்கு கழுவி, வெளிச்சத்தில் நிறுத்தி, சிறு சுத்தியினால் தகட்டை எங்கும் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று ஒலிக்குமிடம் உறுதியானது. மந்தமாக ஒலித்துச் செதில் உதிரும் இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கிறது. ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டி வைத்து மூடி மேலே வர்ணம் பூசுவது பணத்தை வீணாக்குவதாகும். ஒரு மழைக்காலத்தைக்கூட அது தாங்காது. அவ்விடத்தை வெட்டியெடுத்துப் புதிய தகடு வைத்து வெல்டிங் செய்விக்கவேண்டும். வெல்டிங்குக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவதும், அருகில் டீசல் தொட்டி இருப்பின் அதை அகற்றிவிடுவதும் அவசியம். சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தில் விரிசலோ ஆழ்ந்த துருவோ காணப்பட்டால் அது வீட்டில் செய்யும் வேலையன்று. தேர்ந்த பட்டறைக்கே கொண்டுபோகவேண்டும். அதன்மேல் வர்ணம் பூசி மறைப்பது ஓட்டுபவருடைய உயிருக்கும் சாலையில் செல்வோர் உயிருக்கும் தீங்கு தேடுவதாகும்.

மற்றொன்று. வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய நிறத்தையே பூசுவதில் தடையில்லை. நிறத்தை மாற்ற விரும்புவோர் முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி அதற்குரிய அனுமதியும் குறிப்பும் பெறவேண்டும். இராணுவ வண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட ஆலிவ் பச்சை நிறத்தை 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி மற்றவர் பூசலாகாது. 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கவேண்டியிருப்பதால், அச்சோதனைக்குச் சுமார் ஒரு மாதம் முன்பாக இவ்வேலையை வைத்துக்கொள்வது சௌகரியம்.

பழைய வர்ணத்திலுள்ள விஷம்

இப்பகுதியை யாவரும் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். பழைய வர்ணங்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில், ஈயம் கலந்திருப்பது சாதாரணம். வீட்டு உபயோகத்துக்கும் அலங்காரத்துக்குமான வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கலாகாதென மத்திய அரசாங்கம் 2016-ம் ஆண்டில் விதி செய்தது. 2017-ம் ஆண்டு நவம்பர் முதல் அது அமலுக்கு வந்தது. அவ்விதி வீட்டு வர்ணத்தைப் பற்றியதேயன்றி வண்டி வர்ணத்தைப் பற்றியதன்று. ஆகவே பழைய லாரியின் மேலுள்ள வர்ணம் எதுவாயினும் அதில் ஈயம் இருப்பதாகவே கொண்டு வேலை செய்யவேண்டும்.

ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கால்நடைகளுக்கும் அது கொடிய விஷம். பசுவும் கன்றும் எதையும் நக்கிப் பார்க்கும் சுபாவமுடையவை. சுரண்டிப்போட்ட வர்ணச் செதிலையோ அது விழுந்த புல்லையோ தின்ற மாட்டுக்குக் கண் தெரியாமற்போதல், தசை நடுக்கம், வலிப்பு ஆகியன கண்டு மரணம் சம்பவிப்பதும் உண்டு. ஆகையால் பின்வரும் விதிகளைக் கைக்கொள்க:

1. தொழுவத்துக்கும் மேய்ச்சலுக்கும் கிணற்றுக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் தூரமான இடத்தில் வேலை செய்யவேண்டும்.

2. தரையில் பழைய தார்ப்பாயை விரித்து, உதிர்வன யாவும் அதில் விழும்படி செய்யவேண்டும்.

3. பழைய வர்ணத்தை உலர்ந்தபடி தேய்க்காமல் நீர் தெளித்தே தேய்க்கவேண்டும். தீயினால் வாட்டி உரிப்பதும், சுழலும் இயந்திரத்தினால் தூள் பறக்கத் தேய்ப்பதும் கூடாது.

4. துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது. என்.95 முகமூடி அணியவேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, அத்துணிகளைத் தனியே துவைக்கவேண்டும். கை கழுவாமல் வெற்றிலை போடுவதும் பீடி பிடிப்பதும் ஆபத்து.

5. செதில்களை மூட்டையாகக் கட்டி மூடி வைத்து, அபாயக் கழிவுகளைப் பெறும் ஏற்பாட்டின் வழியாக அகற்றவேண்டும். வாய்க்காலிலோ குப்பைக் குழியிலோ எருக்குழியிலோ போடலாகாது, எரிக்கவும் கூடாது.

காலமும் இடமும்

விதைப்புக்குப் பட்டம் இருப்பதுபோல் வர்ணப்பூச்சுக்கும் பட்டம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் தகடு உலராது. ஆடிக்காற்றில் புழுதி வந்து ஈரவர்ணத்தில் ஒட்டும். அறுவடைச் சுமை ஒருவாறு தீர்ந்து, வானம் வெளுத்து, காற்று அடங்கியிருக்கும் மாசி, பங்குனி மாதங்களே நமது மாகாணத்தில் பெரும்பாலான ஜில்லாக்களுக்கு ஏற்றவை. காலைப் பனி முற்றும் உலர்ந்தபின் சுமார் 9 மணிக்குத் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குள் பூச்சை முடித்துவிடவேண்டும். மாலையில் பூசிய எனாமலின்மேல் பனி இறங்கினால் பளபளப்பு மங்கிவிடும்.

நேர் வெயிலும் ஆகாது. கை வைக்க முடியாதபடி சுட்ட தகட்டில் வர்ணம் பரவுமுன் காய்ந்து, பிரஷ் கோடுகளும் கொப்புளங்களும் உண்டாகும். மரநிழல் குளிர்ச்சியேயாயினும் இலையும் பறவை எச்சமும் விழும். நாற்புறமும் காற்றோட்டமுள்ள கொட்டகையே உத்தமம். வைக்கோற்போருக்கு அருகில் மட்டும் ஒருபோதும் வேண்டாம். டர்பன்டைன், தின்னர் ஆகியவற்றின் ஆவி தீப்பற்றும். எனாமல் தோய்ந்த கந்தைகளைக் குவியலாகப் போட்டால் தாமே சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. அவற்றைத் தனித்தனியே விரித்து உலர்த்தவேண்டும், அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடவேண்டும்.

வர்ணத்தின் வகையும் அளவும்

வீட்டில் பிரஷ்ஷினால் பூசுவதற்குச் சிந்தெடிக் எனாமலே தக்கது. பட்டறைகளில் உபயோகிக்கும் இருபொருள் கலந்த பாலியூரிதேன் வர்ணம் அதிகப் பளபளப்பும் உழைப்பும் தருவது உண்மையே. எனினும் அதன் கெட்டியாக்கும் பொருளில் ஐசோசயனேட் என்னும் விஷம் உண்டு. அதைத் துப்பாக்கியினால் பீச்சும்போது சுவாசித்தோர்க்கு ஆஸ்துமா உண்டாகலாம். தனியே காற்றுக் குழாய் பொருத்திய முகக்கவசம் இன்றி அதைக் கையாளலாகாது. மேலும் பீச்சும் முறையில் வர்ணத்தின் கணிசமான பாகம் பனிபோற் காற்றில் போய்விடுகிறது. பிரஷ்ஷில் அந்த நஷ்டம் இல்லை. காற்றழுத்த இயந்திரமும் வேண்டியதில்லை. சரக்கு லாரிக்குக் கண்ணாடிபோன்ற பளபளப்பும் அவசியமன்று.

வாங்கவேண்டிய அளவைக் கணக்கிடும் விதம் வருமாறு. பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், பக்கப் பலகைகள் 2 அடி உயரம் எனக் கொள்வோம். நாற்புறமும் வெளிப்பக்கம் 64 சதுர அடி, உட்பக்கம் 64, தரையின் மேல்பக்கம் 60, அடிப்பக்கம் 60, ஆக 248 சதுர அடி. ஓட்டுநர் அறைக்கு ஏறக்குறைய 150 சேர்த்தால் சுமார் 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் பரவுமெனக் கொண்டால், ஒரு பூச்சுக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டு பூச்சுக்கு ஏழரை லிட்டரும் வேண்டும். அடிப்பூச்சுக்கு 4 லிட்டர். பெட்டித் தரைக்கு வேறு பூச்சு உபயோகிப்பவர் அந்த 120 சதுர அடியை எனாமல் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். தத்தம் வண்டியை அளந்து, இக்கணக்கின்படி கடையில் விலை விசாரித்து, பட்டறைக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க. வேண்டிய டப்பாக்களை ஒரே தொகுதி எண்ணில் ஒரே முறையாக வாங்கவேண்டும். பின்னால் வாங்குவது நிறத்தில் சற்று மாறுபடலாம்.

வெளிர்நிறம் வெயிலைத் திருப்பியனுப்புவதால் ஓட்டுநர் அறை சூடு குறைந்திருக்கும். இரவில் எதிர்வருவோர் கண்ணுக்கும் நன்றாய்த் தெரியும்.

தகட்டைத் தயார் செய்தல்

இவ்வேலையில் முக்காற் பங்கு இதுவே. உழாத நிலத்தில் எத்தனை நல்ல விதையைத் தெளித்தும் பயனில்லை. அதுபோல் தயார் செய்யாத தகட்டில் எத்தனை விலையுயர்ந்த வர்ணமும் நில்லாது. சிக்கனம் வேண்டுவோர் வர்ணத்தின் விலையில் குறைத்துக்கொள்ளலாம். இந்த உழைப்பில் குறைக்கலாகாது.

முதலாவது, கழுவுதல். மூலை முடுக்குகளில் தங்கிய உரத்தையும் சேற்றையும் நிறைய நீர்விட்டுக் கரைத்துக் கழுவவேண்டும். உப்பின்மேல் பூசிய வர்ணம் கொப்புளித்து விடும். அடுத்து, எண்ணெய்ப் பசையைச் சோப்புநீராலும், பின்பு தின்னரில் நனைத்த சுத்தமான துணியாலும் போக்கவேண்டும். எண்ணெயைப் போக்குமுன் உப்புத்தாள் போட்டால் அவ்வெண்ணெய் கீறல்களுக்குள் புகுந்துவிடும். ஆகவே முறை மாறலாகாது.

இரண்டாவது, சுரண்டுதல். தூக்கிய வர்ணத்தையும் துருச்செதிலையும் சுரண்டியாலும் கம்பிப் பிரஷ்ஷினாலும் அகற்றி, 80-ம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று வரிசையாகத் தேய்க்கவேண்டும். உறுதியாய் ஒட்டியுள்ள பழைய வர்ணத்தை முழுதும் உரிக்கவேண்டியதில்லை. பளபளப்பு மங்கும்வரை 220-ம் எண் நீர்த்தாளால் தேய்த்தாற் போதும். அது உறுதியாயுள்ளதா என அறிய, கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்க்கவேண்டும். கட்டங்கள் நாடாவோடு வந்துவிட்டால் அவ்விடத்து வர்ணம் முழுதும் அகற்றத்தக்கது.

பள்ளங்களில் எட்டாத துரு எஞ்சியிருப்பின் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருநீக்கியைத் தடவி, டப்பாவில் குறித்தபடி விட்டுத் துடைக்கலாம். கையுறையும் கண்ணாடியும் அவசியம். நாகம் பூசிய வெள்ளைத் தகடாயிருப்பின் எனாமலை நேரே பூசினால் சில மாதங்களில் உரிந்துவிடும். அதற்கென விற்கப்படும் பிரத்தியேக அடிப்பூச்சு வேண்டும்.

மூன்றாவது, பட்டி பார்த்தல். சிறு நெளிவுகளைப் பின்புறமிருந்து தட்டி நிமிர்த்தியபின், மிஞ்சிய பள்ளத்துக்கு மட்டும், இரு பொருள் கலந்து இறுகும் பட்டியை மெல்லியதாக இடவேண்டும். கலந்த சில நிமிஷங்களில் அது இறுகுமாதலால் சிறிது சிறிதாகவே கலக்கவேண்டும். இப்பட்டி நீரை உறிஞ்சும் தன்மையது. ஆதலால் இதை மட்டும் நீரின்றி, முகமூடியுடன் கையினாலேயே தேய்க்கவேண்டும்.

அடிப்பூச்சு

தேய்த்து வெளுத்த இரும்பு, காற்றுப்பட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி துருவேறத் தொடங்கும். ஆகையால் வண்டி முழுவதையும் தேய்த்து வைத்துவிட்டு மறுநாள் பூசலாம் என்று எண்ணவேண்டாம். இன்று ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதைத் தேய்த்து, துடைத்து, நன்றாய் உலர்த்தி, அன்றே அடிப்பூச்சும் கொடுத்துவிடவேண்டும். அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்பது இங்கும் பொருந்தும். முழு வண்டிக்கும் இவ்வாண்டு கை எட்டாவிடில், துரு மிகுந்த பெட்டியை மட்டுமேனும் செவ்வனே செய்து முடிப்பது நல்லது.

பிரைமர் எனப்படும் அடிப்பூச்சில் ரெட் ஆக்ஸைடு ஜிங்க் குரோமேட் என்பது எங்கும் கிடைக்கிறது. குரோமேட் உப்பு புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாதலால், ஜிங்க் பாஸ்பேட் கலந்தது கிடைக்குமிடத்தில் அதையே வாங்குவது விவேகம். அடிப்பூச்சைப் பிரஷ்ஷினால் அழுத்தித் தேய்த்துப் பூசினால் துருப்பள்ளங்களுக்குள்ளும் அது புகும். ஓரங்கள், வெல்டிங் தையல்கள், ஆணித் தலைகள் ஆகியவற்றில் வர்ணம் மெலிந்து நிற்குமாதலால் அவற்றுக்கு முதலில் ஒரு கோடு பூசி, பிறகு முழுப்பரப்பையும் பூசவேண்டும். அடிப்பூச்சு மட்டும் மழையையும் வெயிலையும் தாங்காது. அது ஈரத்தை உள்ளே விடும். உலர்ந்த சில நாட்களுக்குள் மேல்பூச்சு கொடுத்துவிடவேண்டும்.

மேல்பூச்சு

எனாமல் இருவிதமாகக் காய்கிறது. முதலில் டர்பன்டைன் ஆவியாய்ப் போகிறது. பின்னர் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுகிறது. கனமாகப் பூசினால் மேலே ஆடை படிந்து உள்ளே பச்சையாகவே இருக்கும். அதன்மேல் இரண்டாம் பூச்சு கொடுத்தால் சுருங்கிவிடும். ஆதலால் மெல்லிய இரண்டு பூச்சு, கனத்த ஒரு பூச்சைவிட எவ்வளவோ மேலானது.

டப்பாவை அடிவரை கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, டப்பாவில் குறித்த அளவுக்கு மேற்படாமல் டர்பன்டைன் சேர்க்கவேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலப்பது கூடாது. சமமான பரப்புகளுக்கு நுரை ரோலரும், ஓரங்களுக்குப் பிரஷ்ஷும் ஏற்றவை. மேலிருந்து கீழாக, முந்திய பட்டையின் ஓரம் ஈரமாயிருக்கும்போதே அடுத்த பட்டையைச் சேர்த்துச் செல்லவேண்டும். ஓர் இரவு முழுதும் உலர்ந்தபின் 400-ம் எண் நீர்த்தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்து, இரண்டாம் பூச்சைக் கொடுக்கவேண்டும். பழைய எனாமலின்மேல் என்.சி. லாக்கர் வகை வர்ணத்தைப் பூசினால் அதன் தின்னர் அடியிலுள்ளதைக் கிளப்பிவிடும்; லாக்கரின்மேல் எனாமல் பூசுவதில் கெடுதியில்லை.

பெட்டியின் தரையில் கரும்பும் கல்லும் உராய்வதால் எனாமல் நிற்பது அரிது. தரையின் அடிப்பக்கத்துக்குத் தார் வகைக் கறுப்புப் பூச்சும், மேல்பக்கத்துக்கு இரண்டு அடிப்பூச்சின்மேல் எடுத்துக் கழுவத்தக்க மரப்பலகையோ ரப்பர் விரிப்போ இடுவதும் நல்லது. தார்ப்பூச்சின்மேல் எனாமல் பூசினால் கறுப்பு ஊறி வெளிவரும். ஆகவே அவ்விரண்டையும் சேர்க்கலாகாது.

வர்ணம் படக்கூடாத இடங்கள்

1. எண் பலகை, விளக்குகள், பிரதிபலிக்கும் நாடாக்கள். முன்புறம் வெண்மை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என்ற நாடாக்கள் கிழிந்திருப்பின் வேலை முடிந்தபின் புதியன ஒட்டவேண்டும்.

2. சேஸிஸில் பொறித்த எண். அதைக் கனத்த வர்ணம் மூடினால் சோதனையின்போது தொல்லை நேரும்.

3. பிரேக் குழாய்கள், மின்கம்பிகள், ரப்பர் பாகங்கள், கிரீஸ் இடும் துவாரங்கள்.

4. சக்கரமும் குடமும் சேரும் முகங்கள், சக்கர நட்டுகள் அமரும் இடங்கள். இங்கு வர்ணம் தங்கினால் ஓட்டத்தில் அது நசுங்கி, நட்டுகள் தளர்ந்து, சக்கரமே கழன்றுபோகக்கூடும்.

5. கதவின் அடியிலும் பெட்டியின் மூலைகளிலுமுள்ள நீர் வடியும் துவாரங்கள். இவற்றை அடைத்தால் உள்ளிருந்தே துரு கிளம்பும்.

பக்கத்தில் எழுதியுள்ள உரிமையாளர் பெயர், எடை விவரம் முதலியவற்றை முன்னதாகவே குறித்துக்கொண்டு, முடிவில் மறுபடியும் எழுதிவிடவேண்டும்.

பிற்பாடு கவனிக்கவேண்டியவை

தொட்டால் ஒட்டாத எனாமல் முற்றும் இறுகிவிட்டதென்று கொள்ளலாகாது. குறைந்தது ஒரு வாரம் சுமையேற்றாமல் நிறுத்திவைக்கவேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை உரமோ எருவோ ஏற்றியிறக்கிய அன்றே பெட்டியை நீர்விட்டுக் கழுவிச் சாய்வாக நிறுத்தி வடியவிடுவது, வர்ணத்தின் ஆயுளைப் பெருக்கும் முதன்மையான உபாயம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மீந்த எனாமலை இறுக மூடி வைத்துக்கொண்டு, எங்கேனும் கீறல் கண்டவுடன் தேய்த்து, அடிப்பூச்சும் மேல்பூச்சும் தொட்டுவிடவேண்டும்.

கிராம அலுவலர்களும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளும் இதில் உதவக்கூடும். சுரண்டி, கம்பிப் பிரஷ், தார்ப்பாய், முகமூடி முதலியவற்றைச் சங்கத்தில் பொதுவாக வைத்து முறைப்படி கொடுக்கலாம். ஈயம் கலந்த செதில்கள் ஏரியிலும் வாய்க்காலிலும் சேராமற் பார்ப்பது அவர்களுடைய விசேஷக் கடமையாகும். டிராக்டர் டிரெய்லர், தெளிப்பான் சட்டம், இரும்புக் கதவு முதலியவற்றுக்கும் இங்குக் கூறிய முறை பொருந்துமாதலால், ஒரு வண்டியில் கைபழகியவர் மற்றவற்றையும் தாமே காத்துக்கொள்ளலாம்.